வயதே ஆகாத அணுக்கரு



பெட்ரோமாக்ஸ் விளக்கிலிருந்து தொடங்குகிறேன். மூத்தவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் பம்பு அடித்து ஏற்றுவார்கள். உள்ளே சின்னத் துணிப்பை போல ஒரு மேண்டில் தொங்கும். ஒருமுறை எரிந்துவிட்டால் அது வெறும் சாம்பல் வலை, விரல் பட்டாலே உதிர்ந்துபோகும். அந்தச் சாம்பல்தான் சூடேறி வெள்ளை வெளிச்சம் தருவது. பழைய மேண்டில்களில் அது பெரும்பாலும் தோரியம் ஆக்சைடு, கூடவே சிறிதளவு சீரியம். இன்று கடையில் கிடைப்பவற்றில் பல தோரியம் இல்லாதவை.

கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில் பழைய மேண்டில் ஒன்றை உறை பிரிக்காமல் வைத்திருந்தேன். கெய்கர் கருவியின் குழாய்க்கு அருகே கொண்டுபோனால் டக், டக்டக் என்று சத்தம் வரும். மாணவர்களைப் பத்துப் பத்து வினாடியாக எண்ணச் சொல்வேன். ஏழு. மூன்று. பதினொன்று. ஆறு. மறுபடியும் ஆறு. பிறகு இரண்டு. ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை எழுந்து, "சார், கருவி ரிப்பேரா?" என்று கேட்கும். கருவி சரியாகத்தான் வேலை செய்தது. மேண்டில் அசையவில்லை, குழாய் அசையவில்லை, அறையின் வெப்பம் மாறவில்லை. ஆனாலும் எண்ணிக்கை ஒருபோதும் ஒரே மாதிரி வந்ததில்லை. அந்தப் பிள்ளையின் கேள்விக்கு முழுப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

அந்தத் தோரியத்துக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1909ஆம் ஆண்டு ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தார். அதில் மோனசைட் இருந்தது. ஐரோப்பாவில் மேண்டில் தொழிலுக்கு தோரியம் வேண்டியிருந்த காலம் அது. அதைத் தேடிக்கொண்டு திருவிதாங்கூரின் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே கறுப்பாகத் தெரியும் மணல் இல்மனைட். அதனிடையே தேன் நிறத்தில் கிடக்கும் பொடிமணிதான் மோனசைட். அதன் எடையில் 8 முதல் 10 விழுக்காடு வரை தோரியம் ஆக்சைடு.

கால் மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு மோனசைட் மணியை எடுத்துக்கொள்வோம். நான் போட்ட கணக்கில் அதற்குள் ஏறக்குறைய 4,000 லட்சம் கோடி தோரியம் அணுக்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்ற அளவில் சிதைகிறது. ஒன்று போகும்போது மற்ற அத்தனையும் சும்மா இருக்கின்றன. ஏன் அந்த ஒன்று? ஏன் இப்போது?

இந்தக் கேள்வி பிறந்ததும் தோரியத்தில்தான். கனடாவில் மான்ட்ரியால் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் எர்னஸ்ட் ரதர்ஃபோர்டு, தோரியத்திலிருந்து ஒரு கதிரியக்க வாயு கசிவதைக் கண்டார். இன்று அதை ரேடான்-220 என்கிறோம். தனியே பிரித்து வைத்தால் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் அதன் கதிரியக்கம் பாதியாகிறது. அடுத்த நிமிடத்தில் அந்தப் பாதியில் பாதி. அதற்கடுத்து அதிலும் பாதி. 1902இல் அவரும் ஃபிரெடரிக் சாடியும் இதைப் பொதுவிதியாக எழுதினார்கள்: ஒரு நொடியில் எத்தனை அணுக்கள் சிதையும் என்பது, மீதம் எத்தனை இருக்கின்றன என்பதை மட்டுமே பொறுத்தது.

பள்ளியிலேயே இந்த விதியைப் படித்துவிடுகிறோம், அரை ஆயுட்காலம் என்று கணக்கும் போடுகிறோம். ஆனால் அது என்ன சொல்கிறது என்று நின்று பார்ப்பதில்லை. எல்.ஐ.சி. முகவர் வீட்டுக்கு வந்தால் முதலில் கேட்பது வயது. இருபது வயதுக்காரருக்கு ஒரு பிரீமியம், அறுபது வயதுக்காரருக்கு வேறு பிரீமியம். உடம்பு தேய்கிறது, தேயத் தேய ஆபத்து கூடுகிறது. சைக்கிள் டயரும் அப்படித்தான், வீட்டுக் கூரையும் அப்படித்தான். தோரியம் அணுவிடம் வயது கேட்டுப் பயனில்லை. மணவாளக்குறிச்சி மணலில் இருக்கும் தோரியம் இந்தப் பூமி உருவாவதற்கு முன்பே வேறு எங்கோ பிறந்தது. அதன் வயது 450 கோடி ஆண்டுகளுக்கும் மேல். அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அது சிதைய எவ்வளவு வாய்ப்போ, இன்று காலையில் ஓர் ஆய்வகத்தில் பிறந்த தோரியம்-232 அணுவுக்கும் அதே வாய்ப்புதான். மயிரிழை கூடக் கூடுதல் இல்லை. அணுக்கருவுக்குள் தேய்கிற பல்சக்கரமோ கரைகிற மெழுகோ இருந்திருந்தால் இந்த விதி வந்திருக்காது.

சிதைவு வெறும் தற்செயல்தானா என்று எண்ணியே பார்த்தார்கள். 1910இல் மான்செஸ்டரில் ரதர்ஃபோர்டும் கெய்கரும் பொலோனியத்திலிருந்து வரும் ஆல்பா துகள்களை ஒளிரும் திரையில் ஒவ்வொன்றாக எண்ணினார்கள். ஏழரை வினாடி கொண்ட 2,608 இடைவெளிகள், மொத்தம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மினுக்குகள். சராசரியாக ஓர் இடைவெளிக்கு நான்குக்குச் சற்றுக் குறைவு. ஒரு மினுக்குகூட இல்லாத இடைவெளிகள் 57. முழுக்க முழுக்கத் தற்செயல் என்றால் எத்தனை வர வேண்டும் என்று பேட்மன் என்ற கணித அறிஞர் கணக்கிட்டுக் கொடுத்தார். அது 54. என் வகுப்பில் ஏழு, மூன்று, பதினொன்று என்று எண்ணிய பிள்ளைகள் பார்த்ததும் இதைத்தான்.

தற்செயல் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் அந்தத் தற்செயலின் வேகத்தை எது தீர்மானிக்கிறது? இங்கேதான் விஷயம் கனக்கிறது. 1911இல் கெய்கரும் நட்டலும் ஒரு தொடர்பைக் கண்டார்கள். அதிக ஆற்றலோடு ஆல்பா துகளை வெளிவிடும் தனிமத்துக்கு ஆயுள் குறைவு. இந்தத் தொடர்பின் இரண்டு ஓரங்களும் நம் மணல்மணிக்குள்ளேயே இருக்கின்றன. தோரியம்-232 சிதைந்து சிதைந்து, ஆறு ஆல்பா, நான்கு பீட்டா என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் ஈயமாகிறது. முதல் படியில் தோரியம் வெளிவிடும் ஆல்பாவின் ஆற்றல் ஏறக்குறைய 40 லட்சம் எலக்ட்ரான் வோல்ட். அரை ஆயுட்காலம் 1,400 கோடி ஆண்டு. கடைசிப் படிகளில் ஒன்றாக வருவது பொலோனியம்-212. ஆல்பாவின் ஆற்றல் 88 லட்சம் எலக்ட்ரான் வோல்ட். அரை ஆயுட்காலம் ஒரு வினாடியின் பத்து லட்சம் பங்கில் மூன்றில் ஒன்றுகூட முழுதாக இல்லை. ஆற்றல் இரண்டு மடங்கைச் சற்றே தாண்டுகிறது. காலமோ, ஒன்றுக்குப் பின்னால் 24 சுழியம் போட்ட அளவுக்குச் சுருங்குகிறது. பழைய இயற்பியலில் எந்தச் சூத்திரத்தைப் போட்டாலும் இப்படி ஒரு விகிதம் வராது.

இன்னொரு முரணும் இருந்தது. ஆல்பா துகளுக்கு நேர்மின்சுமை, அணுக்கருவுக்கும் நேர்மின்சுமை. வெளியே இருந்தால் ஒன்றையொன்று தள்ளும். மிக நெருங்கினால் மட்டும் அணுக்கரு விசை பிடித்து இழுக்கும். ஆகவே அணுக்கருவைச் சுற்றி ஒரு மின்னழுத்த அரண் நிற்கிறது. தோரியத்தில் அதன் உச்சி இரண்டரைக் கோடி எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேல். அதன்மேல் ஏறிக் குதித்து வந்த துகள், இறங்கி வரும்போது அந்த இரண்டரைக் கோடியையும் ஆற்றலாகச் சுமந்து வர வேண்டும். வருவதோ வெறும் 40 லட்சத்தோடு. கொடைக்கானல் உச்சியிலிருந்து உருண்ட கல், ஏரிக்கரை மேட்டிலிருந்து உருண்டதுபோல் மெதுவாக வந்து சேர்ந்தால் எப்படி நம்புவது? யுரேனியத்திலும் இதே கதைதான். யுரேனியமே வெளிவிடுவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு ஆற்றலுள்ள ஆல்பா துகள்களை அதன்மீது எறிந்தாலும் அவை அரணைத் தாண்டாமல் சிதறிப்போயின. ஆனால் உள்ளிருந்து அதில் பாதி ஆற்றலோடு துகள் வெளியே வருகிறது. ரதர்ஃபோர்டு 1927இல் ஒரு விளக்கம் சொன்னார்: ஆல்பா துகள் இரண்டு எலக்ட்ரான்களைத் தூக்கிக்கொண்டு மின்சுமை இல்லாமல் வெளியேறி, பிறகு அவற்றை உதறிவிடுகிறது என்று. பெரிய மனிதர், ஆனால் இந்த விளக்கம் நிற்கவில்லை.

1928 கோடை. ஒடெசாவில் பிறந்து லெனின்கிராடில் படித்த ஜார்ஜ் காமோவ், 24 வயது, ஜெர்மனியின் கட்டிங்கன் நகருக்கு வந்திருந்தார். அலைச்சார்பு என்பது துகள் எங்கே அகப்படும் என்பதற்கான வாய்ப்பைச் சொல்வது என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் மாக்ஸ் போர்ன் அதே ஊரில் விளக்கியிருந்தார். அங்கே எல்லோரும் அணுவின் எலக்ட்ரான்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். காமோவ் ரதர்ஃபோர்டின் கட்டுரையைப் படித்தார், அந்த விளக்கத்தை ஏற்க மனம் வரவில்லை. எலக்ட்ரானுக்குச் செல்லும் அலைக்கணக்கு ஆல்பா துகளுக்கு மட்டும் ஏன் செல்லாது என்று போட்டுப் பார்த்தார். ஆகஸ்ட் தொடக்கத்தில் கட்டுரை இதழுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதே நேரத்தில் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ரொனால்டு கர்னியும் எட்வர்டு காண்டனும் தனியாக அதே முடிவுக்கு வந்து, செப்டம்பரில் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். பாடநூல்களில் பெரும்பாலும் காமோவ் பெயர் மட்டுமே வருகிறது. மூவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

அவர்கள் சொன்னது என்ன? இதற்கு ஓர் அலையைக் கண்ணால் பார்க்கிற மாதிரி காட்ட வேண்டும். கண்ணாடிப் பட்டகத்துக்குள் ஒளி சரிவாகப் போனால் உட்பக்கத்திலேயே முழுவதும் திரும்பிவிடும், வெளியே வராது. முழு அக எதிரொளிப்பு என்று படித்திருக்கிறோம். ஆனால் இரண்டாவது பட்டகம் ஒன்றை மிக அருகில் கொண்டுவந்தால், நடுவே காற்று இடைவெளி இருக்கும்போதே, ஒளியில் ஒரு பகுதி அந்தப் பக்கம் தாவிவிடுகிறது. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஜகதீஷ் சந்திர போஸ் மின்காந்த அலைகளை வைத்து, இடைவெளி எவ்வளவு இருந்தால் எவ்வளவு தாவும் என்று அளந்து 1897இல் வெளியிட்டார். அலை ஒன்று, தான் போக முடியாத இடத்தின் விளிம்பில் சட்டென்று அறுந்துவிடுவதில்லை. தேய்ந்துகொண்டே கொஞ்சம் உள்ளே போகிறது. தடை மெல்லியதாக இருந்தால் அந்தத் தேய்ந்த நுனி மறுபக்கத்தைத் தொட்டுவிடும். தொட்டால் அங்கிருந்து மறுபடி அலையாகத் தொடரும்.

ஆல்பா துகளுக்கும் அலை உண்டு. அணுக்கருவுக்குள் அடைபட்ட அந்த அலை, அரணுக்குள் தேய்ந்துகொண்டே நுழைகிறது, மறுபக்கத்தில் நூலிழையாக வெளிப்படுகிறது. அந்த நூலிழைதான் துகள் வெளியே அகப்படுவதற்கான வாய்ப்பு. அரண்மேல் ஏறாததால் உச்சியின் ஆற்றல் அதற்குத் தேவைப்படவே இல்லை. உள்ளே இருந்த 40 லட்சத்தோடுதான் வெளியேயும் நிற்கிறது. இதை வகுப்பில் டனலிங் என்கிறோம், சுரங்கம் என்று மொழிபெயர்ப்பவர்களும் உண்டு. எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. யாரும் எதையும் தோண்டுவதில்லை, அரணில் ஓட்டையும் விழுவதில்லை. ஊடுருவல் என்று சொன்னால் போதும்.

இப்போது அந்த 24 சுழியத்துக்கு வருவோம். அணுக்கரு உலகின் அளவுகோல் ஃபெர்மி, அதாவது ஒரு மீட்டரை ஆயிரம் லட்சம் கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு. அரண் தொடங்கும் இடம் மையத்திலிருந்து ஏறக்குறைய 9 ஃபெர்மி. தோரியத்தின் ஆல்பாவுக்கு ஆற்றல் குறைவு. அதற்கு அரண் 62 ஃபெர்மி வரை நீள்கிறது. பொலோனியம்-212இன் ஆல்பாவுக்கு ஆற்றல் கூடுதல். அதற்கு 26 ஃபெர்மியிலேயே அரண் முடிந்துவிடுகிறது. 53 ஃபெர்மி தடிமன் எங்கே, 17 ஃபெர்மி எங்கே! கறுப்புக் கண்ணாடித் தகடுகளை அடுக்கிப் பாருங்கள். ஒரு தகடு வெளிச்சத்தைப் பத்தில் ஒரு பங்காக்கினால், இரண்டு தகடு நூறில் ஒரு பங்காக்கும், பத்துத் தகடு ஆயிரம் கோடியில் ஒரு பங்காக்கும். தகட்டைக் கூட்டிக்கொண்டே போகிறோம், வெளிச்சமோ வகுபட்டுக்கொண்டே போகிறது. கெய்கரும் நட்டலும் அளவீட்டில் கண்ட அந்த விசித்திர விகிதம், இந்தக் கணக்கில் தானாக வந்து விழுந்தது. அதனால்தான் இயற்பியலாளர்கள் உடனே நம்பினார்கள்.

இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஆல்பா துகள் உள்ளே இங்குமங்கும் ஓடி அரணில் மோதுகிறது என்று எளிமைக்காக வைத்துக்கொண்டால், ஒரு வினாடிக்கு ஏறக்குறைய கோடி கோடி கோடி முறை மோதும். பொலோனியம்-212 என்றால் ஒன்றுக்குப் பின்னால் 15 சுழியம் போட்ட அத்தனை மோதலுக்கு ஒருமுறை வெளியே போக வாய்ப்பு. தோரியம் என்றால் 39 சுழியம். ஆல்பா துகள் அணுக்கருவுக்குள் எப்போதுமே உருண்டு திரண்டு தயாராக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதைச் சேர்த்தால் கணக்கு கொஞ்சம் நகரும், சாரம் மாறாது.

வயது ஏன் ஆவதில்லை என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. கதவை ஓங்கி ஓங்கித் தட்டினால் கீல் தளரும். நூறாவது தட்டலில் உடைய, முதல் தொண்ணூற்றொன்பதும் உதவியிருக்கும். இந்த அரண் மோதலால் தளர்வதில்லை. ஒவ்வொரு முறையும் அதே அரண், அதே அலை, அதே வாய்ப்பு. இன்னும் சிதையாமல் இருக்கிற அணுக்கரு, பிறந்த நொடியில் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில்தான் இருக்கிறது. பலமானது, பலவீனமானது என்று இரண்டு வகைத் தோரியம்-232 கிடையாது. அச்சு அசலாக எல்லாம் ஒன்றே. மிகமிகக் குறுகிய காலத்திலும் மிகமிக நீண்ட காலத்திலும் இதிலிருந்து நுண்ணிய விலகல் உண்டு என்று கணிதம் சொல்கிறது. மணவாளக்குறிச்சித் தோரியத்துக்கு அது பொருட்டல்ல.

அப்படியானால், ஏன் அந்த ஒன்று, ஏன் இப்போது? குவாண்டம் இயக்கவியல் 1,400 கோடி ஆண்டு ஏன் என்று சொல்கிறது. தருணத்தைச் சொல்வதில்லை. ஐன்ஸ்டைனுக்கு இது உறுத்தியது. அணு தானாக ஒளியை வெளிவிடுவதைப் பற்றி 1916இல் எழுதியபோதே, அந்த விதியும் ரதர்ஃபோர்டின் கதிரியக்க விதியும் ஒரே வடிவம் என்று கண்டுகொண்டார். காலத்தையும் திசையையும் தற்செயலிடம் விடுவதைத் தம் கொள்கையின் குறையாகவே கருதினார். அவர் மனம் கடைசிவரை சமாதானமடையவில்லை. நான் பல ஆண்டுகள் இதைச் சொல்லிக்கொடுத்து எட்டிய முடிவு வேறு. ஒரே மாதிரியான இரண்டு அணுக்கருக்கள், ஒன்று இன்று போகிறது, மற்றது நூறு கோடி ஆண்டு கழித்துப் போகிறது, இரண்டுக்கும் இடையே வேறுபாடே இல்லை என்றால், காரணம் ஒளிந்திருக்க உள்ளே இடமும் இல்லை. நாம் அறியத் தவறியது ஒன்றுமில்லை.

பீட்டா சிதைவைப் பற்றி மாணவர்கள் கேட்பீர்கள். அது வேறு வழி. அங்கே எலக்ட்ரான் உள்ளே அடைபட்டிருந்து தப்பிப்பதில்லை, அந்த நொடியில் பிறக்கிறது. 1930இல் பவுலி முன்வைத்த நியூட்ரினோவைச் சேர்த்துக்கொண்டு ஃபெர்மி 1934இல் அதன் கொள்கையைத் தந்தார். வழி வேறானாலும் வயதறியாத விதி அதேதான். அதற்குத் தனியாக ஓர் உரை வேண்டும்.

உள்ளிருந்து வெளியே ஊடுருவ முடியும் என்றால், வெளியிலிருந்து உள்ளேயும் முடியும் அல்லவா? காமோவின் கணக்கு இதையும் சொன்னது. அரண் உயரத்தைவிடக் குறைந்த ஆற்றலே போதும் என்ற நம்பிக்கையில் காக்கிராஃப்டும் வால்டனும் கேம்பிரிட்ஜில் கருவி அமைத்தார்கள். 1932 ஏப்ரல் 14 அன்று புரோட்டானால் லித்தியம் அணுக்கரு பிளந்தது. அதற்கும் முன்பே, 1929இல், அட்கின்சனும் ஹவுட்டர்மான்ஸும் இதே ஊடுருவலை விண்மீன்களுக்குப் பொருத்தினார்கள். சூரியனின் மையத்தில் ஒன்றரைக் கோடி டிகிரி வெப்பம் இருந்தும், இரண்டு புரோட்டான்கள் அரணை ஏறிக் கடக்க அது போதவே போதாது. ஊடுருவித்தான் சேர்கின்றன. மணல்மணிக்குள் தோரியம் சிதைவதற்கும், காலையில் நம் முற்றத்தில் வெயில் விழுவதற்கும் கணக்கு ஒன்றே.

கடைசியாக ஒன்று. பிஸ்மத்-209 சிதையாத தனிமம் என்றே நாங்கள் படித்தோம். ஆற்றல் கணக்கின்படி அது சிதையலாம்; ஆனால் ஆல்பாவுக்குக் கிடைக்கும் ஆற்றல் 31 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்தான், அரண் மிகத் தடிமன். 2003இல் பிரான்ஸில் ஒரு குழுவினர், உறைநிலைக்கும் வெகு கீழே குளிர்வித்த படிகம் ஒன்றை வைத்துக் காத்திருந்து அந்த ஆல்பாக்களைப் பிடித்தார்கள். அரை ஆயுட்காலம், பேரண்டத்தின் வயதைப்போல் நூறு கோடி மடங்குக்கும் மேல். அத்தனை நீளமான காலத்தை அளக்க அத்தனை காலம் காத்திருக்கத் தேவையில்லை. வயதாகாதவை என்பதால், ஏராளமான அணுக்களைச் சில நாள் பார்த்தாலே போதும்.

இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பாடத்தைக் கரும்பலகையில் சூத்திரத்தோடு தொடங்காதீர்கள். ஒரு கெய்கர் கருவி கிடைத்தால் பிள்ளைகளை முதலில் எண்ண விடுங்கள். எதையும் அருகில் வைக்காவிட்டாலும் அது அவ்வப்போது டக் என்று சொல்லிக்கொண்டிருக்கும். அறையின் சுவரிலும் தரையிலும் தோரியமும் அதன் வழிவந்தவையும் இருக்கின்றன. எண்ணிக்கை மாறி மாறி வரும். கருவி ரிப்பேரா என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்கும்வரை காத்திருங்கள். அதற்குப் பிறகு பாடத்தைத் தொடங்குங்கள்.